கிரேக்க வேர் தெரிந்தால் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிடுமா?

வாசகர் கேள்வி: 3 பிப்ரவரி 2024, காலை 9.12

மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாளே நூறு கிரேக்க வேர்ச்சொற்கள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து, "இதை மனப்பாடம் பண்ணிட்டா போதும், எந்தச் சொல் வந்தாலும் நீங்களே பிரிச்சுப் பொருள் சொல்லிடலாம்" என்றார்கள். பாதி படித்துவிட்டேன், உண்மையிலேயே வேலை செய்கிறது. ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி), நெஃப்ரைடிஸ் (சிறுநீரக அழற்சி) எல்லாம் பார்த்தவுடன் புரிகிறது. ஆங்கிலச் சொல்லின் உண்மையான பொருள் அதன் கிரேக்க வேரில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு 10.40

பதினோரு வருடமாக இதே வேலைதான். அமெரிக்க மருத்துவமனைகளின் ஆபரேஷன் ரிப்போர்ட்டுகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு, அதாவது குறியீட்டு எண், போடுகிறேன். ஒரு நாளில் நான் படிக்கும் சொற்களில் கிரேக்கம் கலக்காதது குறைவு. அதனால் அந்தத் தாளைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் வைத்தவர் அன்றைக்கு எதைப் பார்த்தார் என்பதுதான் வேரில் இருக்கிறது. இன்றைய பொருள் அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ட்ரக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மூச்சுக்குழாய் என்கிறோம். கிரேக்கத்தில் 'த்ராகெயா' என்றால் சொரசொரப்பான என்று அர்த்தம், அவ்வளவுதான். மூச்சும் கிடையாது, குழாயும் கிடையாது. கிரேக்கர்கள் அதை 'சொரசொரப்பான ஆர்த்தீரியா' என்று இரண்டு சொல்லாகச் சொன்னார்கள். காலப்போக்கில் பெயர் உதிர்ந்து, அடைமொழி மட்டும் நின்றுவிட்டது. தொண்டைக்குழிக்கு மேலே விரலை வைத்து மெதுவாக மேலும் கீழும் தடவிப் பாருங்கள். குருத்தெலும்பு வளையங்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டும். அந்தத் தட்டல்தான் அதன் பெயர்.

உதிர்ந்துபோன அந்த ஆர்த்தீரியாதான் இன்றைய ஆர்ட்டரி, அதாவது தமனி. இறந்த உடலை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தமனிகளில் ரத்தம் அநேகமாக இருக்காது, வெறுமையாகத்தான் தெரியும். அதனால் அவை காற்று போகும் வழி என்று நினைத்தார்கள். தமனியில் ஓடுவது ரத்தம்தான் என்று இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலென் காட்டினார். அதற்குப் பிறகும் பெயர் மாறவில்லை. வேரில்தான் உண்மைப் பொருள் என்றால், ஆர்ட்டரியில் இன்னும் காற்றுதான் ஓட வேண்டும்.

3 பிப்ரவரி, இரவு 11.05

விட்டுப்போன ஒன்று. டிரக்கோமா என்ற கண் நோயும் இதே சொரசொரப்புதான். இமையின் உள்பக்கம் மணல் ஒட்டியது போல் ஆகிவிடும். ட்ரக்கியா மூச்சுக்குழாய் என்று மட்டும் படித்தவருக்கு, கண்ணில் எப்படி மூச்சுக்குழாய் வந்தது என்று குழப்பமாகத்தான் இருக்கும்.

5 பிப்ரவரி, காலை 7.30

"பெட் என்றால் கால்தானே, பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அப்படித்தானே, அப்போ ஆர்த்தோபீடிக்ஸ் என்றால் காலை நேராக்குவதா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. என் டீமிலும் ரொம்பப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கால் என்ற பொருளில் வரும் பெட் லத்தீன். ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் 'பைஸ்', பீடியாட்ரிக்ஸில் வரும் அதே சொல். 1741-ல் பாரிசில் நிக்கோலா ஆந்திரி என்ற மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலைத் திருத்தும் முறைகளைப் பற்றி எழுதிய நூலுக்காக இந்தப் பெயரை உருவாக்கினார். நேர் என்பதற்கு 'ஓர்த்தோஸ்', அதோடு குழந்தை. அந்த நூலில் ஒரு படம் உண்டு. வளைந்து வளரும் மரம், பக்கத்தில் ஒரு நேரான கம்பு, இரண்டையும் சேர்த்துச் சுற்றிய கயிறு. எலும்பு மருத்துவர்களின் சங்கச் சின்னங்களில் இன்றைக்கும் அந்த மரம்தான் நிற்கிறது. எழுபது வயதுப் பாட்டிக்கு முட்டி மாற்றும் மருத்துவரின் பெயருக்குள் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காலுக்குக் கிரேக்கம் 'பூஸ்', சொற்களில் சேரும்போது 'போட்' ஆகும். பாத மருத்துவரான போடியாட்ரிஸ்ட், முக்காலியான ட்ரைபாட் இரண்டிலும் இருப்பது அதுதான்.

5 பிப்ரவரி, இரவு 11.50

பிரிட்டிஷ் எழுத்துமுறை இந்த இடத்தில் கொஞ்சம் காப்பாற்றும். குழந்தை என்றால் நடுவில் 'ஏ, இ' இரண்டும் வரும். அமெரிக்கர்கள் அந்த 'ஏ'-வை எடுத்துவிட்டார்கள், நம்மிடம் வருவதோ அமெரிக்க ரிப்போர்ட்.

இதைவிட மோசமான இடம் 'ஹெம்'. ரத்தத்துக்குக் கிரேக்கம் 'ஹைமா'. பிரிட்டிஷ் முறையில் 'எச், ஏ, இ, எம்', அமெரிக்க முறையில் 'எச், இ, எம்'. பாதி என்பதற்குக் கிரேக்கம் 'ஹெமி'. அதன் முதல் மூன்று எழுத்தும் அதேதான்! இரண்டு வருடம் முன்னால் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஹெமிகோலெக்டமி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "பெருங்குடலில் ரத்தக் கசிவு, அதனால ஆபரேஷன்" என்று குறிப்பு எழுதிவைத்திருந்தாள். ரிப்போர்ட்டில் ரத்தக் கசிவு பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டி இருந்தது, பெருங்குடலின் வலது பாதியை எடுத்திருந்தார்கள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தாளில் ஹெம் என்றால் ரத்தம் என்று போட்டிருந்தது, அவள் தாளை நம்பினாள்.

8 பிப்ரவரி, அதிகாலை 3.15

ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வருடம். நரம்பு சம்பந்தமான ஒரு ரிப்போர்ட். பெரோனியல் என்பதைப் பெரினியல் என்று படித்துவிட்டேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. பெரோனியல் நரம்பு முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம் போவது. பெரினியல் என்பது தொடை இரண்டும் சேரும் இடத்தில், ஆசனவாய்க்கு முன்னால். நான் போட்ட கோடு, உடம்பின் வேறொரு பகுதிக்குப் போய்விட்டது. ஆடிட்டில் பிடித்தார்கள், மதிப்பெண் போனது. மதிப்பெண் போனதைவிட, அதே ரிப்போர்ட்டில் "பாதம் தொங்குகிறது" என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்ததை நான் பார்க்காமல் விட்டது இன்னும் மனதில் இருக்கிறது. பாதம் தொங்கினால் நரம்பு காலில்தானே இருக்க வேண்டும்?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் பெரோனே என்றால் என்ன என்று தேடினேன். கிரேக்கர்கள் ஆடையின் இரண்டு ஓரத்தைச் சேர்த்துக் குத்திக்கொள்ளும் ஊசி, நம் சேப்டி பின் மாதிரி. முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பு: ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. ஒல்லியானது தடியானதின் பக்கத்தில் ஊசி போலச் சேர்ந்து நிற்கும். லத்தீனில் அந்த ஊசிக்கு ஃபிபுலா. எலும்புக்கு லத்தீன் பெயர் நின்றது, அதை ஒட்டிய நரம்புக்கும் தசைக்கும் கிரேக்கப் பெயர் நின்றது. இரண்டும் ஒரே ஊசி!

அதற்குப் பிறகு பெரோனியலை நான் தவறாகப் படித்ததே இல்லை. சொல் கண்ணில் பட்டதும் அந்த ஊசி தெரிகிறது. வேர் எனக்குப் பொருளைச் சொல்லவில்லை, பொருள் தெரிந்த பிறகு அதை நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கொடுத்தது. உங்கள் வகுப்பில் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இங்கேதான்.

இப்போது உடற்கூறியல் பெயர்ப் பட்டியல் பெரோனியலுக்குப் பதிலாக ஃபிபுலர் என்பதையே முன்னால் வைக்கிறது. இந்தக் குழப்பமும் அதற்கு ஒரு காரணம். மருத்துவர்கள் பழக்கத்தில் இன்னும் பெரோனியல் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

9 பிப்ரவரி, மாலை 6.20

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். வேரை நம்பாதே என்று மொத்தமாகச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அது நியாயமில்லை.

போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். டிஸ்சார்ஜ் தாளில் இருந்த பெயரைப் பார்த்து, "இவ்வளவு நீளமா எழுதியிருக்காங்களே, வேற ஏதாச்சும் பண்ணிட்டாங்களா?" என்று பயந்துவிட்டாள். கோலிசிஸ்டெக்டமி. பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவால் மூன்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டினேன். கோலே, பித்தம். கிஸ்டிஸ், பை. எக்டொமே, வெளியே அறுத்து எடுப்பது. "பித்தப்பையை எடுத்துட்டாங்கன்னு தமிழ்ல சொன்னது தானம்மா இது" என்றேன். பித்தம், பை, எடுப்பு. கிரேக்கமும் தமிழும் ஒரே வரிசையில் வந்து நின்றன. அம்மா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இங்கே வேர் முழுக்க முழுக்கச் சரி. ஏன் என்று யோசித்தால், சொல்லின் வயதுதான் காரணம் என்று படுகிறது. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கென்புக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். 1869-ல் ஹைடல்பெர்க்கில் குஸ்டாவ் சைமன், முன்பே திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை எடுத்தார், நெஃப்ரெக்டமி. இப்படிப்பட்ட சொற்களைப் பழைய கிரேக்கர்கள் பேசியதில்லை. கிரேக்கம் படித்த மருத்துவர்கள் தங்கள் மேஜையில் உட்கார்ந்து, துண்டு துண்டாகச் சேர்த்து, அளவெடுத்துத் தைத்த சட்டை. அதனால் தையலைப் பிரித்தால் துண்டு அப்படியே வருகிறது. ட்ரக்கியாவும் ஆர்ட்டரியும் கிரேக்கர்களே வாயில் போட்டுப் புழங்கிய சொற்கள். புழங்கிய சொல்லில் தையல் தெரியாது.

எனவே ஆபரேஷன் பெயர்களின் வால்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யுங்கள். டமி, எக்டமி, ஆஸ்டமி மூன்றையும் குழப்பாமல் படித்தாலே பாதி வேலை முடிந்தது. தொமே என்றால் அறுப்பு. முன்னால் 'எக்' வந்தால் அறுத்து வெளியே எடுப்பது. ஆஸ்டமியில் இருப்பது வேறு சொல், 'ஸ்தோமா', வாய். குடலுக்கு வயிற்றில் ஒரு வாய் வைத்தால் கோலாஸ்டமி, குடலையே எடுத்தால் கோலெக்டமி.

9 பிப்ரவரி, இரவு 9.45

சரி, அதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். எக்டமி என்றால் எடுத்தார்கள் என்று தெரியும். எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாது. 2015 அக்டோபர் முதல் அமெரிக்க மருத்துவமனைகளில் உள்நோயாளி ஆபரேஷன்களுக்குப் புழங்கும் பி.சி.எஸ். கோடு முறையில் இதுதான் முதல் கேள்வி. உறுப்பில் ஒரு பகுதி என்றால் எக்சிஷன், உறுப்பு முழுவதும் என்றால் ரிசெக்ஷன். இரண்டும் லத்தீன் சொற்கள். மருத்துவர் "பகுதி ரிசெக்ஷன்" என்று எழுதினாலும், உள்ளே படித்துப் பார்த்து எக்சிஷன் என்று முடிவெடுக்க வேண்டியது நம் பொறுப்பு. பெயரைப் படித்துவிட்டுக் கோடு போடவே கூடாது, ரிப்போர்ட்டின் உடலைப் படிக்க வேண்டும்.

12 பிப்ரவரி, காலை 8.10

இரண்டு திருத்தம்.

ஒன்று, புதிதாகத் தைத்த சொல்லை நம்பலாம் என்று எழுதியிருந்தேன். ஆக்சிஜனை மறந்துவிட்டேன். 1770-களின் கடைசியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தைத்த சொல் அது. 'ஓக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. அதோடு பிறப்பிப்பது. புளிப்பைப் பிறப்பிப்பது, அதாவது அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை. 1810-ல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, குளோரின் ஒரு தனிமம் என்று சொன்னதோடு அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் மொழியில் அப்படியே புளிப்புப் பொருள் என்று பெயர்த்து வைத்துக்கொண்டு, இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழில் உயிர்வளி என்று பெயர் வைத்தவர், அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சொல் மேல் தனிப் பிரியம்.

எனவே வயதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்ததற்கு வைத்த பெயர் பொருந்தி நிற்கும். கொள்கைக்கு வைத்த பெயர், கொள்கை விழுந்தாலும் பழைய வேரோடு நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது திருத்தம் கேள்வி கேட்டவருக்கு. ஹெபடைடிஸ், நெஃப்ரைடிஸ் பார்த்தவுடன் புரிந்தது என்றீர்கள். உங்கள் தாளில் ஐடிஸ் என்றால் அழற்சி என்று இருக்கும், சரியா? கிரேக்கத்தில் ஐடிஸ் என்றால் 'சம்பந்தப்பட்ட' என்றுதான் பொருள். அழற்சி அதில் இல்லவே இல்லை. சிறுநீரகம் சம்பந்தப்பட்ட நோய், மூட்டு சம்பந்தப்பட்ட நோய் என்று முழுதாகச் சொன்னார்கள். பிறகு நோய் என்ற சொல் உதிர்ந்தது. ட்ரக்கியாவுக்கு நடந்த அதே கதை. அழற்சி என்ற பொருளைப் பிற்கால மருத்துவர்கள் ஏற்றி நிலைநிறுத்தினார்கள். வேரை வைத்து நீங்கள் புரிந்துகொண்டதாக நினைத்தது, உண்மையில் இன்றைய வழக்கை வைத்துப் புரிந்துகொண்டது.

15 பிப்ரவரி, இரவு 8.30

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, எனக்கும் பிடித்திருக்கிறது. கேட்டவற்றுக்கு வரிசையாக.

ஹெலிகாப்டர் என்பது ஹெலி, காப்டர் இல்லை. ஹெலிகோ, ப்டெர். 'ஹெலிக்ஸ்' என்றால் சுருள், 'ப்தெரோன்' என்றால் சிறகு. சுருள்சிறகு. 1861-ல் பிரான்சில் போன்தோன் தாமெக்கூர் என்பவர் வைத்த பெயர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாய்க்குத் தோதாக ஹெலி என்று வெட்டினார்கள், அந்தத் தப்பான வெட்டிலிருந்து ஹெலிபேட் பிறந்தது. தேர்தல் சமயத்தில் நம் ஊர் மைதானத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு ஹெலிபேட் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதைத் தப்பு என்று யாராவது சொல்ல முடியுமா?

கிரேக்கச் சொல் தமிழில் உண்டா என்று கேட்டவருக்கு: பஞ்சாங்கத்தைத் திறந்து பாருங்கள். சுக்கிர ஓரை, குரு ஓரை என்று இருக்கும். அந்த ஓரை, கிரேக்க 'ஹோரா' சமஸ்கிருத சோதிடம் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் மணி நேரத்தைச் சொல்லும் 'அவர்' (hour) அதே சொல்தான், ஹாரோஸ்கோப்பின் முதல் பாதியும் அதுவே. கேந்திரமும் அப்படித்தான். கிரேக்கத்தில் 'கென்ட்ரோன்' என்றால் கூர்முனை, மாட்டைக் குத்தும் தார்க்கோலின் முள். காம்பஸின் ஊன்றும் முள்ளுக்கு வந்து, அங்கிருந்து வட்டத்தின் மையத்துக்கு வந்தது. ஆங்கிலத்தின் சென்டர், என் மாமா ஜாதகத்தில் பார்க்கும் கேந்திரம், இரண்டும் ஒரே முள்.

திரும்பும் வழியும் உண்டு. இஞ்சிக்குக் கிரேக்கம் 'ஜிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் ஜிஞ்சர். அதற்குப் பின்னால் பாலியில் சிங்கிவேர, அதற்கும் பின்னால் ஒரு திராவிட மொழியின் இஞ்சியும் வேரும். மொழியியலாளர்கள் பெரும்பாலும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிரேக்க வேர் என்று தேடிப் போனால் அங்கே நிஜமாகவே நம் வேர் கிடக்கிறது! ரைஸ் என்பதும் அரிசிதான் என்று உடனே ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை, இஞ்சி அளவுக்கு உறுதியாக அதைச் சொல்ல நான் தயாராக இல்லை.

18 பிப்ரவரி, அதிகாலை 4.05

"டயபெடிஸ் என்றால் சர்க்கரை என்று தாளில் இருக்கிறது, சரியா அக்கா?"

இல்லை. ஊடாகப் போவது, கடந்து போவது. வடிகுழாய்க்கும் கிரேக்கத்தில் அதே பெயர். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் குழாய் வழியே போவது போல் போய்க்கொண்டே இருக்கிறது, அதைப் பார்த்து வைத்த பெயர். சர்க்கரையே அதில் கிடையாது. இனிப்பைச் சொல்வது பின்னால் ஒட்டிய மெலிடஸ், தேன் கலந்த என்ற லத்தீன்.

நம் நீரிழிவும் அதே காட்சிதான். இழிதல் என்றால் பழந்தமிழில் இறங்குதல், வடிதல். அருவி மலையிலிருந்து இழியும். நீர் இழிந்து போவது நீரிழிவு. இன்றைக்கு இழிவு என்றால் அவமானம் என்ற பொருள்தான் மிச்சம், ஆனாலும் நீரிழிவு என்று கேட்டு யாரும் அவமானத்தை நினைப்பதில்லை. என் அம்மா அந்தச் சொல்லையே சொல்ல மாட்டாள், "சுகர்" என்பாள்.

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. டயபெடிஸ் இன்சிபிடஸ் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக டி.ஐ. அதிலும் நீர் நிற்காமல் போகும், ஆனால் சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. அந்தக் காலத்து மருத்துவர்கள் சிறுநீரைச் சுவைத்துப் பார்த்துப் பிரித்த பெயர். வேரைப் பார்த்தால் டயபெடிஸ் என்ற சொல் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இன்றைய காதில் டயபெடிஸ் என்றால் சர்க்கரை மட்டும்தான். மருத்துவமனையிலேயே இந்த நோயாளிகளைச் சர்க்கரை நோயாளி என்று எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு உண்மையில் வேண்டிய மருந்தைக் கொடுக்காமல் விட்டதும் நடந்திருக்கிறது. அதனால் 2022-ல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் கூடி, பெயரையே ஆர்ஜினின் வாசோபிரெசின் (சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) குறைபாடு என்று மாற்றலாம் என்றார்கள். வேர் தப்பாக இல்லாதபோதே பெயரை மாற்ற வேண்டி வந்த இடம் இது.

18 பிப்ரவரி, அதிகாலை 5.20

மேலே எழுதி முடித்து இருக்கைக்குத் திரும்பினேன். கேள்வி கேட்டவரே, இதை உங்களுக்காகத் தனியாகப் போடுகிறேன்.

வரிசையில் அடுத்து வந்த சார்ட்டில் பழைய நோய்கள் பட்டியலில் "டயபெடிஸ், டி.ஐ." என்று இருந்தது. சாஃப்ட்வேர் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இ11 என்று காட்டியது, அது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். ரத்தப் பரிசோதனைப் பக்கத்துக்குப் போனேன். குளுக்கோஸ் சரியான அளவில் இருந்தது. மருந்துப் பட்டியலில் இன்சுலின் இல்லை, மெட்ஃபார்மின் இல்லை, இன்சிபிடஸுக்குக் கொடுக்கும் டெஸ்மோபிரெசின் இருந்தது. நர்ஸ் குறிப்பில் ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் சிறுநீர். நான்கு வருடம் முன்னால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் ஆபரேஷன். மருத்துவரின் குறிப்பில் மூன்றாவது பக்கத்தில் இன்சிபிடஸ் என்று முழுதாகவே எழுதியிருந்தார்.

இ11-ஐ அழித்துவிட்டு, இன்சிபிடஸுக்கு உரிய இ23.2 போட்டேன்.